தம்பியிடம் கேட்ட கேள்விகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் மூவரும் நலம், நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். மூவரும் என்று ஒப்புக்கு எழுதவில்லை, உன் தம்பியையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். கழுத்துக் கட்டி நன்றாகச் சுருங்கியிருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் நடுவில் ஒரு கூத்து நடந்தது. மீதி கீமோவுக்கு வரமாட்டேன், போதும் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். அம்மா அழுதாள், நான் கத்தினேன், அவன் அசையவில்லை. புற்றுநோய் வார்டில் இளவயதுப் பிள்ளைகளுக்கென்றே ஓர் ஆலோசகர் அம்மா இருக்கிறார், கெஞ்சிக் கூத்தாடி அவரிடம் கூட்டிப்போனேன். தூக்கம் வருகிறதா, எதற்குப் பயம், என்ன உதவி வேண்டும் என்று அவர் அவனைக் கேட்கக் கேட்க நான் பதில் சொன்னேன். நல்லாத் தூங்கறான் மேடம், பயமா, இவனுக்கா என்றேன். என் வாய்தான் உனக்குத் தெரியுமே. அந்த அம்மா சிரித்துக்கொண்டே, உங்களுக்கு உடம்பு சரியில்லாதப்போ உங்களைக் கேக்கறேன் சார், இப்ப போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க என்றார். வந்ததே எனக்குக் கோபம்! பெத்தவனுக்குத் தெரியாததா என்று வராந்தா முழுக்கப் புலம்பினேன்.

திரும்பக் கூப்பிட்டபோது அவன் கண் சிவந்திருந்தது, முகம் தெளிந்திருந்தது. எங்களிடம் சொல்லலாம் என்று அவன் சம்மதித்ததை மட்டும் சொன்னார். அவன் அறைக்குள் வருமுன் கதவைத் தட்ட வேண்டுமாம். டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டுமாம், பின்னால் கல்யாணம், குழந்தை எல்லாம் உண்டா என்று. பத்தொன்பது வயதுப் பையன் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைக் கேட்பானா? என் மரமண்டைக்கு உறைக்கவேயில்லை. தொற்று வரும் என்று நாங்கள் விரட்டிய நண்பர்களையும் பார்க்க வேண்டுமாம், மாஸ்க் போட்டு ஒவ்வொருவராக வரட்டும் என்று டாக்டரே சொல்லிவிட்டார். நேற்று கீமோவுக்கு அவனே கிளம்பினான். டாக்டரிடம் தனியாகத்தான் பேசினான், நான் வெளியே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நம்பமாட்டாய்.

இன்னொன்று உன்னைப் பற்றியது. அக்கா விருந்தாளிகிட்ட பேசற மாதிரி பேசறா, திட்டவே மாட்டேங்கறா, நான் செத்துருவேன்னு அவளே முடிவு பண்ணிட்டாளா என்று அந்த ஆலோசகர் அம்மாவிடம் கேட்டானாம். அதைக் கேட்டு அழுதுவிட்டேன் அம்மா, மறைப்பானேன்.

இருவரும் நீடூழி வாழ எங்கள் ஆசி. நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது மறந்துவிடாதே: நீ பத்திரமாக வைத்துவிட்டுப் போன ஹெட்போனை உடைத்து அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பது அவன்தான். நன்றாகத் திட்டு. நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லாதே.

இப்படிக்கு,
கதவைத் தட்டப் பழகிவரும் உன் அப்பா