எத்தினை லீற்றர்

மச்சான்,

இன்று மத்தியானம் இங்கே மெல்பேர்னில், கிரெய்கிபர்ன் பக்கம் வேனுக்கு டீசல் நிரப்பும்போது கொஞ்சம் என் புறங்கையில் ஊற்றுப்பட்டுவிட்டது. துடைத்தேன், கழுவினேன், மணம் போகவில்லை. கடைகளுக்கு மிளகாய்த்தூள் இறக்கி முடித்து, வேனுக்குள் இருந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் சோறும் டீசல் மணக்கிறது. மூடி வைத்துவிட்டு உனக்கு எழுதுகிறேன். நீ வாசிக்கப்போவதில்லை என்று தெரியும். உயிரோடிருந்தபோதே நீ எதையும் முழுதாக வாசித்தவனில்லை.

'நிரப்பும்போது' என்று எழுதியிருக்கிறேன், பார். நமது ஊரில் யார் அப்படிச் சொல்கிறார்கள்? வாகனத்துக்கு எண்ணெய் விடுவதற்கு நமக்கு ஒரே சொல்தான். அடிக்கிறது. பெற்றோல் அடிச்சாச்சோ, டீசல் அடிக்கப் போறன், இண்டைக்குப் பெற்றோல் செட்டிலை அடிக்கிறாங்கள். ஒருவனைப் போட்டு உதைப்பதற்கும் அதே சொல். நீ போன பிறகு அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. பக்கத்து வீட்டு மதுரைக்காரர் 'டீசல் போட்டாச்சா?' என்று கேட்பார். அவருடைய 'போட்டாச்சு' தான் இத்தனை நாளும் எனக்கு இரவல்.

உன் மில்லில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நாமிருவரும் அடிபட்டோம். வறுத்து அரைத்த மிளகாய்த்தூள் சூட்டோடு கொட்டிக் கிடந்தது. அதற்கு மேலே நான் தும்மிவிட்டேன். அளக்கிற தகரச் சுண்டைத் தூக்கி என் முகத்துக்கு எறிந்தாய். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் ஓடியது. "தும்முறவன் மில்லுக்குள்ளை வரப்படாது" என்றாய். நான் பாய்ந்து உன் வயிற்றில் குத்தினேன். அரை மணித்தியாலம் கழித்து நீயே சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் நாலு தையல் போடுவித்தாய். பிறகு நான் படகேறி இங்கே வந்து சேர்ந்தபோது, விசாரணை அதிகாரி அந்தத் தழும்பைக் காட்டி, சித்திரவதையா என்று கேட்டார். இல்லை, மிளகாய்த்தூள் என்றேன். மொழிபெயர்க்க வந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடித்தார். உனக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "விசரா, ஓம் எண்டு சொல்லியிருந்தா விசா தந்திருப்பாங்கள்" என்று ஏசினாய்.

விசா இன்னும் தரவில்லை. வேலை செய்ய விடுகிறார்கள், அவ்வளவுதான். நான் ஒரு பழைய வேன் வாங்கினேன், நீ தூள் அனுப்பினாய். நமது ஊர்த் தூளுக்கு மெல்பேர்னில் இவ்வளவு சனம் காத்திருக்கும் என்று நாம் இருவருமே நினைத்திருக்கவில்லை. அந்த ஒன்றிரண்டு வருசம் நன்றாகத்தான் போனது. பிறகு ஜனாதிபதியின் கையெழுத்துகள் தொடங்கின.

முதலில் மஞ்சள். வெளியிலிருந்து மஞ்சள் வரக்கூடாது, உள்நாட்டிலேயே விளையட்டும் என்று ஒரு கையெழுத்து. "விளையட்டும் மச்சான், ஆர் வேண்டாமெண்டது? மஞ்சள் விளைய ஒன்பது மாதம் வேணும். கையெழுத்துப் போட ஒன்பது செக்கன் காணும்" என்றாய். மஞ்சள் பொன்னானது. ஒரு வியாபாரி கோதுமை மா கலந்த மஞ்சளை உன்னிடம் கொண்டுவந்து விற்கப் பார்த்தான். நீ ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தாய். பிறகு அவன் பிடரியைப் பிடித்துத் தராசில் முகத்தை மோதினாய். இரண்டு பல் போனது. நீ அதைச் சொல்லச் சொல்ல நான் இங்கே வேனுக்குள் இருந்து கைதட்டிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு என் பல்லை உடைக்கவேண்டும் போலிருக்கிறது.

அடுத்த கையெழுத்தில் உரம் நின்றது. நாடு முழுக்க இனி இயற்கை விவசாயமாம். யூரியா இல்லை, பூச்சிக்கு மருந்தில்லை. உனக்கு மிளகாய் தருகிற கந்தையா அண்ணையின் தோட்டம் காய்க்காமல் சுருண்டு நின்றது. அந்த மனுசன் ஒருநாள் கத்தியை எடுத்துப்போய்த் தன் செடிகளைத் தானே ஒன்றுவிடாமல் வெட்டிச் சாய்த்துவிட்டு, கத்தியோடேயே மில்லுக்கு வந்து உன் முன்னால் நின்றார். வெட்ட வந்துவிட்டார் என்று நினைத்ததாக நீ சொன்னாய். அவர் கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் கதிரையில் இருந்து அழுதாராம். அதன் பிறகு நாட்டில் டொலர் இல்லை, டொலர் இல்லாததால் எண்ணெய் இல்லை, எண்ணெய் இல்லாததால் கரண்ட் இல்லை. "பெரியாக்களுக்கு வரியைக் குறைச்சான், எங்களுக்குக் கரண்டைக் குறைச்சான்" என்றாய். இன்னொன்றும் அடிக்கடி சொல்வாய்: "கொள்கை எண்டு ஒண்டும் இல்லை மச்சான். கையெழுத்துத்தான் இருக்கு."

கரண்ட் இல்லாத மில்லை ஓட்ட ஜெனரேற்றர் வேண்டும், ஜெனரேற்றருக்கு டீசல் வேண்டும், டீசலுக்கு லைனில் நிற்கவேண்டும். நீ நாலு நாள் நின்றாய். எனக்குச் சித்திரை வருசப்பிறப்பு நெருங்கியது. கடைக்காரர் ஒவ்வொருவராக என்னைப் பிடுங்கினார்கள், நான் உன்னைப் பிடுங்கினேன். கப்பல் போய்விடும் என்று கத்தினேன். "லைனிலை நிக்கிறவன்ரை கண்ணைப் பாத்தியெண்டா இப்பிடிக் கதைக்க மாட்டாய். பசிச்ச நாய்க்குக் கூட இப்பிடிக் கண் இல்லை" என்றாய் நீ. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"எனக்குக் கதை சொல்லாதை. எப்பிடியாவது அடி" என்று சொல்லி வைத்தேன். உன்னோடு கடைசியாகப் பேசியது அதுதான்.

மறுநாள் பின்னேரம் நாலு மணியளவில், ஒரு கடையின் பின்வாசலில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தபோது சுகந்தி அழைத்தாள். உன் மனைவி எனக்கு இலேசில் அழைப்பவளில்லை. சனங்களின் இரைச்சல், ஹோர்ன் சத்தம், அவள் அழுகை.

"அண்ணை, இவருக்கு அடிச்சுப்போட்டாங்கள்."

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஒருவழியாக உனக்கு டீசல் அடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். லைனில் கிடந்து காய்ந்தவர்கள் எண்ணெய் கிடைத்ததும் அழுவார்கள் என்று நீயே எனக்குச் சொல்லியிருந்தாய். அவளும் சந்தோசத்தில் அழுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

"அப்பாடா," என்றேன். "எத்தினை லீற்றர்?"

மறுமுனையில் ஹோர்ன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் சொன்னாள்: "அண்ணை, தலையிலை."

மூன்று டீசல் கானோடும் பிரதேச செயலகத்தில் வாங்கிய அனுமதிக் கடிதத்தோடும் நீ பம்புக்குப் பக்கத்தில் போயிருக்கிறாய். ஒரு கான் நிரம்பிவிட்டது. "மில் முதலாளிக்குக் கான் கானாய், எங்களுக்குக் காத்தோ?" என்று லைனில் ஒருவன் கேட்டான். நீ கடிதத்தைக் காட்டினாய். அவன் பறித்துக் கிழித்தான். நீ அவன் கன்னத்தில் அறைந்தாய். அறையாமல் விட்டிருந்தால் அது நீயில்லை. பின்னாலிருந்து ஒருவன் சில்லுக் கழற்றுகிற இரும்பால் உன் பிடரியில் போட்டான். விழுந்த உன்னைக் காலால் உதைத்தார்கள். நாலு நாள் உன்னோடு தேத்தண்ணி பகிர்ந்து குடித்தவர்கள்தான். கான் சரிந்து டீசல் ஓடியது. ஓடிய டீசலை ஒருவன் முழங்காலில் இருந்து போத்தலுக்குள் வழித்தானாம். அதில் உன் ரத்தமும் இருந்தது என்று சுகந்தி சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. சேலைன் முதல் ஊசி வரைக்கும் துண்டில் எழுதித் தந்து வெளியில் வாங்கச் சொன்னார்கள். வெளியில் போக ஓட்டோவுக்குப் பெற்றோல் இல்லை. சுகந்தி நடந்து போய் நடந்து வந்தாள். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். நான் வரவில்லை. வந்திருந்தால் திரும்பி இங்கே காலெடுத்து வைக்க முடியாது. உன் செத்தவீட்டை இந்த வேனுக்குள் இருந்து போனில் பார்த்தேன். உன்னைத் தூக்குகிற நேரம் அங்கே கரண்ட் போய்ப் படமும் நின்றுவிட்டது. உன்னை வழியனுப்பக்கூட அந்தக் கையெழுத்துக்காரர் என்னை விடவில்லை.

வீட்டுக்கு வந்து கராஜைத் திறந்தேன். நீ முந்தி அனுப்பிய தூள் அறுபது எழுபது பை இருந்தது. பெட்டி வெட்டுகிற கத்தியால் ஒவ்வொன்றாகக் குத்திக் கிழித்தேன். தூள் எழும்பி கண், மூக்கு, தொண்டை எல்லாம் எரிந்தது. எரிய எரியக் கிழித்தேன். என் மனைவி பின்னாலிருந்து கட்டிப்பிடித்து வெளியே இழுத்தபோது நான் யாரை ஏசிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியாது. உன்னை அடித்தவனையும் ஏசியிருப்பேன், ஆனால் அவனை வெறுக்க எனக்கு இன்றைக்கும் முழுதாக முடியவில்லை. அவன் ஓட்டோக்காரன். மூன்று பிள்ளைகளாம். கையெழுத்துப் போட்டு அவன் கையில் இரும்பைக் கொடுத்தவர் ஒரு சொட்டு எண்ணெய்க்கும் லைனில் நிற்காதவர்.

உன் முப்பத்தோராம் நாள், கேரம் டவுன்ஸ் கோயிலில் உன் பேருக்கு மோட்ச அர்ச்சனை செய்துவிட்டு நாலு பேரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். வங்கியில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒரு அங்கிளும் வந்தார். நல்ல மனுசன், ஆனால் வாய் சும்மா இராது. பாயாசம் குடித்துக்கொண்டே தொடங்கினார்.

"தம்பி, கொள்கையிலை பிழை சொல்லேலாது. இயற்கை உரம் நல்ல விசயந்தானே. அமுல்படுத்தின விதந்தான் பிழை. அதோடை எண்ணெய் விலை உலகம் முழுக்க ஏறினது."

"அங்கிள், என்ரை சிநேகிதன் செத்த வீட்டுச் சாப்பாடு இது."

"அது ஓம். நான் பொருளாதாரத்தைச் சொல்லுறன்."

என் கை எப்போது போனதென்று தெரியாது. அவர் உதடு வெடித்துப் பாயாசத்தில் ரத்தம் விழுந்தது. அது போதாமல் கதிரையைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டேன். குசினி வாசலில் நின்ற என் மனைவி கத்தவில்லை. "விசா" என்றாள். அந்த ஒரு சொல்லுக்குக் கதிரை இறங்கியது. பொலிசில் ஒரு முறைப்பாடு போனால் இந்த நாட்டில் என் கதை முடிந்தது. உன்னைக் கொன்ற கையும் என்னுடைய கையும் ஒன்றுதான் மச்சான், எனக்கு ஒரு 'விசா' சொல்ல ஆள் இருந்தது, அவனுக்கு இருக்கவில்லை. அங்கிள் உதட்டைத் துடைத்துக்கொண்டு போனார். முறைப்பாடு செய்யவில்லை. இரண்டு வாரம் கழித்து வந்து அரைக்கிலோ தூள் கேட்டார். கிழியாமல் மிஞ்சிய பையிலிருந்து நிறுத்துக் கொடுத்தேன்.

சனம் மாளிகைக்குள் புகுந்தது, ஜனாதிபதி நாட்டை விட்டு ஓடினார். நான் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்று உன் பேரைச் சொல்லிக் கத்தினேன். ஓடியவர் பிறகு ஆறுதலாகத் திரும்பியும் வந்துவிட்டார். திரும்பி வராதவன் நீதான்.

சுகந்தி இரண்டு வருசம் மில்லைப் பூட்டி வைத்திருந்தாள். பிறகு திறந்தாள், இப்போது தூள் அனுப்புகிறவள் அவள். அன்றைக்கு நான் கேட்ட கேள்வியைப் பற்றி அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. மன்னிப்புக் கேட்க நானும் பலமுறை தொடங்கினேன். "விடுங்கோ அண்ணை" என்றுகூட அவள் சொல்வதில்லை. மிளகாய் விலையைச் சொல்லத் தொடங்கிவிடுவாள். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். எண்ணெய்ப் பேச்சு வந்தால் அவளும் 'எடுத்தாச்சு', 'வாங்கியாச்சு' என்றுதான் சொல்கிறாள். நாங்கள் பேசி வைத்துக்கொண்டதில்லை. அந்தச் சொல் எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பிரேதமாகக் கிடந்தது, இருவரும் சுற்றிக்கொண்டு நடந்தோம்.

இன்று மத்தியானம் நான் பம்பில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவளுடைய அழைப்பு வந்தது. அங்கே காலை. பம்பில் போனை எடுக்கக்கூடாது என்று எழுதியிருக்கிறது. அவளிடமிருந்து வருகிற அழைப்பை எடுக்காமல் விட என்னால் முடியாது.

"அண்ணை, காத்துக்கு மரம் விழுந்து ரெண்டு நாளாக் கரண்ட் இல்லை. உங்கடை ஓடர் கிடக்கு. நானே கானைக் கொண்டு செட்டுக்குப் போனனான்."

எந்த செட் என்று கேட்டேன்.

"அந்த செட்தான்."

லைன் இல்லையா என்றேன். இல்லையாம், இப்போது ஒரு சனமும் இல்லையாம். பிறகு அவள் நிறுத்தினாள். மூச்சு விடுவது கேட்டது. சொல்லைத் தேடுகிறாள் என்று விளங்கியது, எந்தச் சொல்லை என்றும் விளங்கியது.

"அடிச்சுப்போட்டன், அண்ணை."

அவள் தவறிச் சொல்லவில்லை மச்சான். சொல்லிவிட்டு எனக்காகக் காத்திருந்தாள். பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடித்தான். அந்தச் சத்தத்தோடேயே கேட்டேன்.

"எத்தினை லீற்றர்?"

"இருபது," என்றாள்.

அவளுக்குப் பின்னால் ஜெனரேற்றர் உறுமி, மெசின் ஓடத் தொடங்கியது. தூள் எழும்பியிருக்கவேண்டும், சுகந்தி தும்மினாள். சுண்டை எடுத்து எறிய அங்கே நீ இல்லை. குழாயைப் பிடித்திருந்த என் கை தன்பாட்டில் புருவத்துத் தழும்பைத் தேடிப் போனது. அப்போதுதான் குழாய் விலகி டீசல் புறங்கையில் ஊற்றுப்பட்டது.