நம் கடலுக்குப் பொத்தான் கிடையாது

போன வாரம் கீபோர்டின் உறையைக் கழற்றினேன். நீ போனதிலிருந்து அது மூடியே கிடந்தது. நம் மெல்லிசைக் குழுவில் நீ பாடிய படகுப் பாட்டுக்கு முன்னால் வரும் அலைச் சத்தத்துக்காகப் பொத்தானை அழுத்தினேன். வேறொரு கடல் கேட்டது. வழவழவென்று, எங்கோ விடுமுறைக்குப் போனவர்கள் படுத்திருக்கும் மணற்கரை. பழுதுபார்ப்பவர் திறந்து பார்த்தார். உள்ளே இருந்த பேட்டரி செத்துவிட்டதாம். நாம் செய்து சேமித்த ஒலிகள் எல்லாம் அழிந்துவிட்டன, கம்பெனி வைத்து அனுப்பியவை மட்டும் அப்படியே இருக்கின்றன என்றார்.

அந்த வழவழப்பான கடலை முதலில் உனக்கு வாசித்துக் காட்டியவன் நான்தான். திருவொற்றியூர்ப் பள்ளியில் இயற்பியல் நடத்திவிட்டு, மாலையில் கீபோர்டோடு காசிமேட்டில் இருந்த உன் வலைக்கடைக்கு வருவேன். பெருமையாகத்தான் அழுத்தினேன். நீ நைலான் நூலை அறுத்தபடியே கேட்டாய்.

"இது எந்த ஊரு கடலு வாத்தியாரே? சோப்பு போட்டுக் குளிச்சிகினு வந்தா மாரி கீது."

பிறகு என்னை அலைதடுப்புக் கற்களுக்கு இழுத்துப் போனாய். நம் கரையில் மணல் ஏது? அலை கருங்கல்லில் அறைகிறது. அடியில் பொந்துக்குள்ளிருந்து வருவது போல ஒரு அதிர்வு. அப்புறம் இடுக்குகளில் தண்ணீர் உறிஞ்சிக்கொண்டு இறங்குகிறது. நான் அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து விளக்கியதும் பாடம் எடுக்காதே என்று சிரித்தாய். அந்த அலையைக் கீபோர்டில் செய்ய, வெறும் இரைச்சலை எடுத்து, வடிகட்டி, அடியில் ஒரு தாழ்ந்த சுரத்தைச் சேர்த்து, நாள் கணக்கில் உட்கார்ந்தோம். ஒவ்வொரு தடவையும் நீ தலையாட்டி, "அலை வந்துடுச்சி, கல்லு இன்னும் வரல" என்பாய்.

காத்திவாக்கம் திருவிழாவில்தான் அதை முதலில் மேடையேற்றினோம். இரண்டு அலை அடித்ததுமே விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று கத்தினார். என் விரல் தானாகக் கம்பெனிக் கடலின் பொத்தானுக்குப் போனது. நீ திரும்பிப் பார்க்காமலே மைக்கில் சொன்னாய்:

"ஸ்பீக்கருக்கு ஒண்ணுமில்ல மாமு. நம்ம வூட்டாண்ட அடிக்கிற அலை இது. கேட்டுக்கினு உக்காரு."

சிலர் சிரித்தார்கள். சிலர் எழுந்து போனார்கள். அடுத்த வருடம் நம்மைக் கூப்பிடவில்லை. நீ அதை ஒரு விருது வாங்கியவனைப் போலச் சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் உனக்கு நினைவுக் கச்சேரி. குழுவை இப்போது நடத்துகிற உன் தங்கை மகன், கம்பெனி சத்தமே போதும் என்று போனில் சொன்னான். ஜனங்களுக்கு வித்தியாசம் தெரியாதாம்.

அவன் சொல்வது சரியோ என்று எனக்கும் தோன்றியது. எதிலும் எனக்கு அப்படித் தோன்றும், உனக்குத் தெரியும். கம்பெனிக்காரன் ஒன்றும் காது கேளாதவன் இல்லை. அவன் செய்த பியானோ ஒலியை நான் மாற்றியதே கிடையாது, அவ்வளவு நன்றாக இருக்கும். ஆனால் அவன் நம் கற்களில் வந்து நின்றவன் இல்லை. ஜனங்களுக்குத் தெரியாது என்பது அவர்களுக்கு மட்டமானதைக் கொடுக்க ஒரு காரணமா?

அதனால் மறுநாள் காலை காசிமேட்டுக்குப் போனேன். கற்கள் கூடிவிட்டன. அலையின் அறை முன்பைவிடக் கடுமையாக விழுகிறது. வீட்டுக்கு வந்து இரைச்சலிலிருந்து மறுபடியும் தொடங்கினேன். நாம் செய்த அதே சத்தம் வரவில்லை. இன்றைய கடல்தான் வந்தது. தலையாட்ட நீ இல்லாததால், போதும் என்று நானே முடிவு செய்ய வேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் அதுவே புதிது.

நேற்று உன் தங்கை மகனைக் கூப்பிட்டு, இந்தச் சத்தம் இல்லாமல் நான் வாசிக்க மாட்டேன் என்றேன்.

"அப்ப வேற ஆளத்தான் பாக்கணும் மாமா" என்றான்.

"பாத்துக்கப்பா" என்றேன்.

இன்னும் அவனிடமிருந்து போன் வரவில்லை. வராவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போகிறேன். மேடையில் இடமில்லை என்றால் மண்டபத்து வாசலில் வைத்து வாசிப்பேன். முதலில் கல் மேல் அலை அடிக்கும். அதன் பிறகுதான் உன் பாட்டு.