பள்ளிக்கூட லீவில் எண்ணிய தெரு

அன்புள்ள அக்காவுக்கு,

கண் ஆபரேஷனுக்குப் பிறகு பொடி எழுத்தைக்கூட நீயே படிக்கிறாய் என்று அத்தான் சொன்னார். சந்தோஷம். இந்தக் கடிதத்தையும் அவரிடம் கொடுக்காமல் நீயே படி. போனில் பேசினால் என் வீட்டுக்காரர் காதில் விழும். அதைவிட, பாதியில் நான் அழுதுவிடுவேன்.

எங்கள் தெரு முனையில் இஸ்திரிக் கடை வைத்திருக்கிற பெண்ணைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அவளுடைய ஒரே மகள், ஒன்பது வயது, போன மாதம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வேன் மோதி இறந்துபோனாள். சிக்னலில் நிற்கப் பொறுமை இல்லாதவர்கள் எல்லாம் எங்கள் தெருவில்தான் புகுந்து பாய்கிறார்கள். இவ்வளவும் அன்றைக்கே உன்னிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

அந்த முனையில் வேகத்தடை கேட்டு, ஆறு மாதம் முன்பு தெருக்காரர்கள் நாற்பது பேர் நகராட்சிக்கு மனுக் கொடுத்தோம். முதல் கையெழுத்து அவளுடையது. மனு வந்ததும் எடுத்த எடுப்பில் போட்டுவிட மாட்டார்கள். சாலைப் பிரிவிலிருந்து ஒருவர் மூன்று நாள் உட்கார்ந்து, எத்தனை வண்டி போகிறது, எத்தனை பேர் சாலையைக் கடக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். இத்தனைக்கு மேல் என்றால்தான் தடை. அந்த வேலையைச் செய்வது என் வீட்டுக்காரர்தான் என்று உனக்குத் தெரியும். எங்கள் தெருவும் இவர் பங்கிலேயே வந்தது.

அவள் கடை நிழலிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று நோட்டில் போட்டுக்கொண்டிருந்தார். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "போட்டுருவாங்கல்ல சார்?" என்று கேட்டாளாம். "எண்ணிக்கை வந்தா போட்டுருவாங்கம்மா" என்றாராம்.

எண்ணிக்கை வரவில்லை. எப்படி வரும்? பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த வாரம் அது. நோட்டில் பிள்ளைகள் சாலையைக் கடந்ததற்கான கட்டத்தில் மூன்று நாளுக்கும் சேர்த்து ஏழே கோடு. பள்ளிக்கூடம் திறந்திருக்கும் நாளில்தான் எண்ண வேண்டும் என்பது விதி. இவருக்குத் தெரியாதா? திறக்கட்டும் என்றுதான் முதலில் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. அடுத்த வாரம் அக்காவுக்கு ஆபரேஷன், பக்கத்தில் நான் இருந்தே ஆக வேண்டும், இதை இப்போதே முடித்துவிட்டு லீவு போடுங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றேன். என் வாய்தான் உனக்குத் தெரியுமே. லீவில் எண்ணியது என்று ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். எழுதினால் மறுபடி எண்ணச் சொல்வார்கள், பயணம் கெட்டுவிடும் என்று அதையும் தடுத்தது நான்தான். கண்ணில் கட்டோடு நீ கேலி பேசி எங்களைச் சிரிக்கவைத்தாயே, அந்த வாரம் இங்கே 'வேகத்தடை தேவையில்லை' என்று கோப்பை மூடிவிட்டார்கள்.

பிள்ளை இறந்த எட்டாம் நாள் வேகத்தடை வந்துவிட்டது. யாரும் எதையும் எண்ணவில்லை. அவசரத்தில் அளவில்லாமல் உயரமாக அள்ளிப் போட்டதில், கவுன்சிலருடைய காரே அடி தட்டி நின்றது. தெருவே சிரித்தது. இவர் மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து சாப்பாடும் சரியில்லை. ஆபீஸுக்கு அந்த முனையை விட்டுச் சுற்றிப் போகிறார்.

இப்போது நகராட்சியின் பாதுகாப்புக் குழு விசாரிக்கிறது. குழுவுக்குப் போன அறிக்கையில், எண்ணிக்கைப்படி அது ஆபத்தான இடமில்லை, பிள்ளைதான் கவனிக்காமல் ஓடிவந்தது என்று எழுதியிருக்கிறார்கள். யாரோ அதை அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டார்கள். துணி வாங்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ ஓடுற பிள்ளையே இல்லக்கா. ரெண்டு பக்கமும் பாருன்னு தினம் சொல்லித்தான் அனுப்புவேன். என் பிள்ளை மேலயா தப்பு?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பின்னே யார்மேல் என்று அவள் கேட்கவில்லை. மடித்த துணியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை அக்கா.

புதன்கிழமை இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். விதிப்படி எண்ணினேன் என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உட்கார், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார் இவருடைய மேலதிகாரியான பொறியாளர். இவர் உள்ளதைச் சொல்லப் போகிறார். வேலை போனாலும் போகும். வேண்டாம் என்று நான் அழுதேன், சண்டை போட்டேன். இவர் கோபப்படவே இல்லை. "வேலை போனா வேற பாத்துக்கலாம். அந்தப் பிள்ளை மேல போட்ட பழியை யார் எடுக்கிறது?" என்றார்.

ஏன் அவசரப்பட்டாய் என்று கேட்டால், சொந்த வேலை என்று மட்டும் சொல்வாராம். என்னைப் பற்றி வாயே திறக்க மாட்டாராம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உன்மேல் துளித் தப்பும் இல்லை. அலைய வேண்டாம், அத்தான் பார்த்துக்கொள்வார் என்றுதான் நீ சொன்னாய். இதைப் படித்துவிட்டு உன் மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே.

செவ்வாய்க்கிழமை, அவள் கடை மூடுவதற்குள் போய், அவசரப்படுத்தியது நான்தான் என்று சொல்லப் போகிறேன். வேறு யார் வாயாலும் அவள் கேட்கக் கூடாது. அதன் பிறகு அவள் என் முகத்தில் விழிக்காமல் போகலாம், தெருவே எங்களை ஒதுக்கலாம். பட வேண்டியதுதான்.

நீயும் அத்தானும் நோய்நொடி இல்லாமல் இருங்கள். ஞாயிற்றுக்கிழமை எப்போதும்போல எனக்குப் போன் செய். நான் எடுக்காவிட்டாலும் விடாதே அக்கா, எடுக்கும்வரை செய்துகொண்டே இரு.

உன் தங்கை