இறங்காமல் ஒன்பது மைல்

12.2.1984, ஞாயிறு

கிள்ளானிலிருந்து இப்போதுதான் வந்தேன். கங்காவுக்குப் பள்ளிச் சப்பாத்து சிறியதாகிவிட்டதாம். சின்னத்தாய் புதிது வாங்கிக் கொடுத்துவிட்டாள். என் தங்கைதான், நல்லவள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் என் மகளின் கால் வளர்ந்தது எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று பஸ்ஸில் வரும்போது முழுக்க அதே நினைப்பு.

வேறு என்ன செய்திருக்க முடியும்? தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நம் ரப்பர் தோட்டத்தில் படிப்பு தீர்ந்தது. கோலசிலாங்கூர் இடைநிலைப்பள்ளி ஒன்பது மைல். முதலாம் படிவத்துக்கு முன் ஒரு வருடம் புகுமுக வகுப்பு, இரண்டுமே மத்தியான நேரம். விடுவது ஆறே முக்காலுக்கு. நம் அசாம் ஜாவா பக்கம் வரும் கடைசி பஸ் ஆறரைக்கே போய்விடும். பன்னிரண்டு வயதுப் பெண் இருட்டில் எப்படி வருவாள்? நானும் ஆறாவதோடு நின்றவள்தான். அவளும் பால்வாளி தூக்க வேண்டாம் என்றுதான் கிள்ளானுக்கு அனுப்பினேன்.

அனுப்பிவிட்டு, அவள் மிச்சம் வைத்துப்போன நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

15.2.1984

சப்பாத்து எந்த அளவு என்று கேட்க மறந்துவிட்டேன்.

4.3.1984, ஞாயிறு

டிராக்டர் ஓட்டும் சேது வந்தார். கங்கா அப்பாவின் கூட்டாளி. வீட்டுக்குப் பின்னால் சாக்கு போர்த்திக் கிடக்கும் மோட்டார் சைக்கிளைக் கேட்டார். "சும்மா துருப்புடிச்சுக் கெடக்குதே வள்ளி. முருகையா இருந்தா மனசு கேக்காதுலா. நான் எடுத்துக்கிறேன்."

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"குடுக்க முடியாதுண்ணே. நான் ஓட்டப்போறேன்."

சேது சிரித்தார். கூட வந்த அவர் மனைவி வேலம்மா சிரிக்கவில்லை. "எதுக்கு?" என்றாள். "கங்காவப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கூட்டிக்கிட்டு வர" என்றேன். இதை நான் யோசித்ததே இல்லை! சொன்ன பிறகுதான் யோசித்தேன். காலை வேலை பதினொன்றுக்கு முடிகிறது. பால் நிறுத்துக் கொடுத்து, குளித்து, பன்னிரண்டுக்குக் கிளம்பலாம். சாயங்காலம் ஆறரைக்குப் போய் வாசலில் நிற்கலாம். அவ்வளவுதானே.

கங்கா அப்பா போய் இரண்டு வருடம். காய்ச்சல் என்று படுத்தவர் எழவில்லை. சாக்கை எடுத்ததும் எண்ணெய் வாடை. அவர் சட்டை வாடை அதுதான். கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

18.3.1984, ஞாயிறு

பந்துத் திடலில் பழகுகிறேன். சேது ஓட்டிக் காட்ட, ஊர் வாய்க்குப் பயந்து வேலம்மா குடை பிடித்துக்கொண்டு காவல் நிற்கிறாள். இன்று கால்வாயில் விழுந்தேன், மோட்டாரோடு. முட்டி பெயர்ந்துவிட்டது. எங்களை வேலை வாங்கும் மண்டோர் செல்லன் வேலி ஓரமாக நின்று, "என்னா வள்ளி, மீன் புடிக்கிறியா?" என்றார். லயத்துக் குடியிருப்பே சிரித்தது.

சிரிக்கட்டும். நாளைக்கும் விழுவேன். வந்து பாருங்கள்.

6.5.1984, ஞாயிறு

கிள்ளான். கங்கா அரை அங்குலம் வளர்ந்திருக்கிறாள். தலையை வேறு மாதிரி பின்னுகிறாள் — நடுவகிடு இல்லாமல். "சித்தி இப்படித்தாம்மா பின்னுவாங்க" என்றாள். நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததுதான் எரிச்சல்.

மோட்டார் விஷயத்தைச் சொல்லவில்லை. லைசென்சு வாங்கிக்கொண்டுதான் சொல்லுவேன்.

20.6.1984, புதன்

தோற்றுவிட்டேன்.

சாலைச் சின்னங்களைக் காட்டிக் கேட்டதற்கெல்லாம் மலாயில் சரியாகச் சொன்னேன். எட்டுப் போடும்போது இரண்டாவது வளைவில் கால் தரையில் பட்டது. கால் பட்டால் பெயில். வரிசையில் நின்ற பையன்களில் ஒருவன், "மாக்சிக், சமையல் பண்ணப் போகலாம்லா" என்று மலாயில் சொல்லிச் சிரித்தான். எனக்கு முப்பத்து மூன்று வயது. மாக்சிக்காம், பெரியம்மாவாம்!

21.6.1984

எட்டு. எட்டு. எட்டு. வாளி வைத்துச் சுற்றினேன். கனவில்கூட எட்டு.

15.8.1984, புதன்

இதை எப்படி எழுதுவது? யாரிடமும் சொல்லவில்லை. சேதுவிடம் "எட்டுல கால் பட்டுருச்சு" என்று பொய் சொன்னேன்.

எட்டு இன்று தண்ணீர் மாதிரி வந்தது. மோட்டாரோடு பலகை மேல் ஏறினேன், இறங்கினேன். கடைசியாக லைசென்சு ஆப்பிசைச் சுற்றிய சாலையில் ஒரு சுற்று வர வேண்டும். அதிகாரி நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பாதிச் சுற்றில் எதிரே ஒரு பெரிய வெள்ளைக் கார் வந்தது.

நான் ஓரங்கட்டி, இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றேன்.

கார் போன பிறகு ஏறி ஓட்டிவந்தேன். எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை! அதிகாரி "கெனாப்பா துருன்?" என்றார். ஏன் இறங்கினாயாம். "துவான் கார் வந்தது" என்றேன், துரை கார் என்று.

"அந்த ஆளை உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பின்னே?"

அவர் கோபிக்கவில்லை. "அக்கா, இது எல்லாருக்கும் பொதுவான சாலை" என்று மட்டும் சொல்லித் தாளில் பெயில் என்று கோடு போட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

16.8.1984

பின்னே? பின்னே? — பால் வெட்டிய ஒவ்வொரு மரத்திடமும் கேட்டேன்.

அப்பா இறங்குவார். தோட்டத் துரை கார் தூரத்தில் தெரிந்தாலே சைக்கிளிலிருந்து இறங்கி, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். பின்னால் உட்கார்ந்திருக்கும் நானும் குதித்து இறங்குவேன். அப்போது வெள்ளைக்காரத் துரை. இப்போது இருப்பவர் வெள்ளைக்காரர்கூட இல்லை. இறங்கு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. பையன்கள் சிலர் இறங்குவதும் இல்லை. அவர்களை யாரும் தூக்கில் போடவில்லை. நாங்கள்தான் இறங்கிக்கொண்டே இருக்கிறோம். முப்பது வருடமாக இந்தக் கால் தானாகவே இறங்குகிறது, என்னைக் கேட்பதே இல்லை.

எட்டில் தோற்றபோது பழகினால் போதும் என்று இருந்தது. இதை எந்தத் திடலில் போய்ப் பழகுவேன்? தோட்டத்தில்தான். சைக்கிளில்தான். அடுத்த தடவை துரை கார் வரும்போது இறங்கக் கூடாது.

3.9.1984, திங்கள்

இறங்கிவிட்டேன். சனியன் பிடித்த கால்.

27.9.1984

மறுபடியும். இந்தத் தடவை பாதிதான் — ஒரு கால் கீழே, ஒரு கால் மிதியில். பின்னால் வந்த செல்லன் மண்டோர், "என்னா கூத்து இது? எறங்குனா ஒழுங்கா எறங்கு" என்றார்.

வேலம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். "நானுந்தான்டி எறங்குறேன்" என்றாள். பிறகு, "கர்ப்பமா இருந்தப்பக்கூட எறங்குனேன்" என்றாள். காப்பி ஆறிவிட்டது.

28.10.1984, ஞாயிறு

தீபாவளிக்கு வந்த கங்காவைக் கிள்ளானில் விட்டுவிட்டு வந்தேன். ஐந்து நாள் இருந்தாள். வீடு நிறைய அவள் சத்தம். முறுக்கு டின்னைத் திறந்துவைத்து மூட மறப்பது, என் சீப்பை எங்கோ வைத்துவிடுவது. இப்போது எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

போகும்போது பஸ்ஸில், "அம்மா, முதலாம் படிவத்துக்கும் சித்தி வீட்லதானா?" என்று கேட்டாள். வர வேண்டும் என்று கேட்டாளா, அங்கேயே இருக்க வேண்டும் என்று கேட்டாளா? முகத்தைப் பார்த்தேன், தெரியவில்லை. முன்பெல்லாம் அவள் முகத்தைப் பார்த்தே வயிற்றுவலியா பொய்யா என்று சொல்லிவிடுவேன். இன்னும் ஒரு வருடம் போனால் இவளை எனக்கு அடியோடு தெரியாமல் போய்விடும். பயமாக இருக்கிறது. என் பிள்ளை எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

14.11.1984, புதன்

பாஸ்.

அதே அதிகாரி. "இன்றைக்கு இறங்கவில்லையே?" என்று சிரித்தார். சாலையில் இன்று கார் எதுவும் வரவில்லை என்று நான் சொல்லவில்லை.

சேது தேநீர் வாங்கிக் கொடுத்தார். சந்தோஷம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் லைசென்சு கையில் இருக்கிறது, கால் இன்னும் பழைய கால்தான். இது எனக்கு மட்டும் தெரியும்.

2.12.1984, ஞாயிறு

கங்காவிடம் சொன்னேன். "நீயா? மோட்டாரா? அம்மா, நெசமாவா?" என்று கத்தினாள். பிறகு ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்தாள். பள்ளி லீவு விட்டதும் மடித்து அடுக்கி வைத்திருக்கிறாள். எல்லாத் துணியும்.

சின்னத்தாய் அழுதாள். அவளுக்கும் ஒரு வருடம் பிள்ளையாக இருந்தவள்தானே. எனக்கு அவள்மேல் இருந்த எரிச்சலெல்லாம் வெட்கமாகப் போய்விட்டது.

7.1.1985, திங்கள்

நாளைக்கு முதல் நாள். மோட்டாரை இரண்டு தடவை துடைத்தாயிற்று. துரை கார் வரக் கூடாது சாமி. முதல் நாளே வேண்டாம்.

8.1.1985, செவ்வாய்

வந்தது.

பன்னிரண்டரை. தண்ணீர்த் தொட்டி வளைவு தாண்டியதும் எதிரே வெள்ளை லேண்ட்ரோவர். செம்மண் பாதை, இரண்டு பக்கமும் கால்வாய். என் கால் பிரேக்கை மிதித்தது. வண்டி தளர்ந்தது. பின்னாலிருந்து கங்கா முதுகில் தட்டினாள்.

"அம்மா, தொரை காரு. எறங்கும்மா."

சொல்லும்போதே ஒரு காலைத் தூக்கிவிட்டாள், குதிப்பதற்கு. பதின்மூன்று வயது, ஒரு வருடம் கிள்ளானில் இருந்தவள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் இவளுக்கு? யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள், நான் என் அப்பாவைப் பார்த்த மாதிரி.

"ஒக்காரு" என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது. "காலை மேல வை. என்னைப் புடிச்சிக்க."

பிடித்துக்கொண்டாள். நான் என் பக்கத்தில் ஓட்டினேன், அவர் அவர் பக்கத்தில் வந்தார். துரை ஒரு கையைத் தூக்கினார். வணக்கமா, வெயிலுக்கு மறைத்தாரா, தெரியாது. தூசு அடங்கியபோது பாதை காலியாக இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வண்டிக்கும் இடம் இருந்தது.

எனக்குக் கியர் மாற்றவே மறந்துவிட்டது, அதையும் எழுதிவிடுகிறேன்.

அசாம் ஜாவா முக்கு வந்தது. கங்கா காதருகே வந்து, "நாளைக்கும் எறங்க மாட்டமாம்மா?" என்றாள்.

"நாளைக்கும்."

ஒன்பது மைலும் அவள் கை என் இடுப்பில்தான் இருந்தது. பள்ளி வாசலில் விட்டேன். ஆறே முக்காலுக்கு அதே இடத்தில் நின்றேன். கூட்டத்தில் தேடவே இல்லை, நொண்டி நொண்டி வந்தாள், தூரத்திலேயே தெரிந்துவிட்டது. சப்பாத்து மறுபடியும் சின்னதாகிவிட்டதாம். சனிக்கிழமை கோலசிலாங்கூர் கடைக்கு ஏற்றிக்கொண்டு போய், காலை வைத்துப் பார்த்து வாங்க வேண்டும்.