அப்பாவின் கடற்படைப் புத்தகம்

கடலூர் விடுதி,
11.9.2007

அன்பு அம்மாவுக்கு, மகள் அனுப்பிரியா வணக்கத்துடன் எழுதுவது. எனக்குக் காய்ச்சல் விட்டது. உன் முட்டிவலி தேவலையா? குமராட்சியில் நாற்று விட்டாயிற்றா?

எல்லோரும் தூங்கியபின் எழுதுகிறேன். எழுத்துக்கூட்டியாவது நீயே படி, அப்பாவிடம் கொடுக்காதே.

முன்னாள் படைவீரர் பிள்ளை என்று சான்றிதழ் வாங்க, வெள்ளிக்கிழமை அப்பா என்னை அலுவலகத்துக்கு அழைத்துப்போனார். கடற்படையில் அவருக்குக் கொடுத்த புத்தகத்தைக் குமாஸ்தா புரட்டினார்.

"மனைவி பேரு சின்னம்மாள், கல்யாணம் எண்பத்தாறுன்னு இருக்கே சார்? ஃபாரத்துல தமிழரசின்னு எழுதியிருக்கீங்க?"

"அது பழசு சார், மாத்தாம வுட்டுட்டேன்."

வெளியே வந்ததும் பால்கோவா வாங்கித் தந்து, "அம்மாகிட்ட சொல்லாத பாப்பா" என்றார். வரப்பில் நல்லபாம்பைப் பார்த்தும் அசையாதவர், மீதிச் சில்லறையை வாங்காமலே நடந்தார். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

உங்கள் கல்யாணம் தொண்ணூற்றொன்றில்தானே அம்மா? சின்னம்மாள் யார்? இப்போது எங்கே இருக்கிறார்? உன்னிடம் சொல்வது தப்பா, சொல்லாமல் இருப்பது தப்பா, ஒன்றும் புரியவில்லை.

தேங்காயெண்ணெய் தீர்ந்துவிட்டது. போர்த்திக்கொள்ள உன் பழைய புடவை ஒன்று வேண்டும், துவைக்காததாகவே கொண்டு வா. வார்டன் வருகிறார், முடிக்கிறேன்.

உனக்கு முன்பே தெரியுமென்றால் இதைக் கிழித்துவிடு. தெரியாதென்றால், அப்பாவிடம் கேட்பதற்கு முன் என்னிடம் வந்துவிடு.

உன் மகள்,
அனு