நாலு நாட்டில் செத்த மீன்

என்னங்க,

மதியம் உங்கள் அண்ணன் வருகிறார். சாப்பாடு அடுப்பு மேடையில் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். வெளியே போனால் சாவியை மாடி வீட்டு அக்காவிடம் கொடுங்கள்.

ஊர்த் தண்ணீரில் விஷம் என்று உங்கள் அண்ணன் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாரே, செத்த மீன் படம், அது ஆறு வருடப் பழசு. தேடிப் பார்த்தேன். அதே படத்தில் அந்த மீன் இதுவரை நாலு நாட்டில் செத்திருக்கிறது! நாலு இடத்திலும் உண்மை சரிபார்க்கும் தளக்காரர்கள் அது பொய் என்று எழுதிவிட்டார்கள். ஐந்தாவதாக எங்கள் தளத்தில் நான் எழுதினேன். அவர் பெயரைக்கூடப் போடவில்லை.

"குடும்ப மானத்தையே வாங்கிட்டியேம்மா, முதல்ல நீ எழுதினதை எடு" என்று நேற்று போனில் கத்தினார். நீங்களும் "எடுத்துட்டாத்தான் என்ன?" என்றீர்கள்.

எடுக்க மாட்டேன். போன வருடம் நான் தப்பாக எழுதியதற்குப் போட்ட திருத்தமே என் பெயரோடு இன்னும் அங்கே தொங்குகிறது. என் தப்பையே மறைக்காதவள், அவர் பொய்யை மறைப்பேனா?

உங்கள் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். அதற்காகக் கோபம் ஆறிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

பி.கு.: அண்ணனுக்கென்று கேன் தண்ணீர் வாங்காதீர்கள். மேசையில் இருக்கும் ஜக்கில் குழாய்த் தண்ணீர்தான். முதல் தம்ளர் நான் குடித்துவிட்டேன். இரண்டாவதை அவர் கண் முன்னால் நீங்கள் குடியுங்கள்.