பதினொரு டம்ளரிலும் சிவப்பு நூல்

மீஞ்சூர்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து எழுதுவது.

அன்பு மகள் ஸ்நேகாவுக்கு, அம்மா விக்டோரியா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் தம்பியும் சுகம், அந்த மஸ்கட் வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் தினமும் ஜெபத்தை முடிக்கிறேன். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, ஆனாலும் கம்பெனி கேட்டில் நின்றே இருப்பதால் வீட்டுக்கு வந்ததும் தைலம் தேய்க்கச் சொல்லி என் உயிரை வாங்குகிறார். தம்பி லோகுவுக்குத் தேர்வாய் கண்டிகையில் அப்ரண்டிஸ் வேலை கிடைத்தாயிற்று, கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிற ஓட்டத்தில் நாஷ்டா சாப்பிடுவதில்லை, நீ போனில் கண்டித்து வை. தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நம் வீட்டில் போன் பேசினால் சுவருக்கு அந்தப் பக்கம் முத்தம்மாள் பதில் சொல்லுவாள், அது உனக்கே தெரியும். நான் சொல்லப்போவது அப்படிக் கத்திச் சொல்லும் விஷயம் இல்லை. அதனால்தான் அந்தோணி மாமா மகள் லீவு முடிந்து அங்கே திரும்பும்போது ஊறுகாயோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன்.

நீ நர்ஸ் பயிற்சிக்கு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த காலத்தில் எங்கள் வார்டு நந்தினி சிஸ்டருக்குச் சிடுமூஞ்சி என்று பேர் வைத்தாயே, அந்தப் பேரைத் திருப்பி எடுத்துக்கொள். போன மாதம் ஒரு பேஷண்ட் விடாத காய்ச்சலோடு வந்து சேர்ந்தார். ஆணா பெண்ணா, எந்த ஊர், எந்தக் கம்பெனி, எத்தனையாவது கட்டில், எதையும் எழுத மாட்டேன், நீயும் கேட்காதே. ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. சிஸ்டர் அதைக் கட்டில் பக்கத்தில் நின்று சொல்லவில்லை. டிரெஸ்ஸிங் ரூமைக் காலி பண்ணி, எச்.ஐ.வி. ஆலோசனை சொல்லும் நம்பிக்கை மையத்து கவுன்சிலரை வரவழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பேசினார். வெந்நீர் கேட்டார்கள் என்று நான் கொண்டுபோனபோதுதான் என் காதில் விழுந்தது. வேலை போயிடும் சிஸ்டர், ஊட்டுல தெரிஞ்சா நான் உசுரோட இருக்க மாட்டேன் என்று அவர் அழுதுகொண்டிருந்தார். சிஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டே, மாத்திரைய வுடாம சாப்ட்டா எல்லார மாதிரியும் வேலைக்குப் போய்க்கினு குடும்பம் நடத்திக்கினு இருக்கலாம், ஊட்டுல சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லும்போது நாங்க கூட இருப்போம், நீங்க சொல்லாம எங்க வாய்லேர்ந்து வெளிய போவாது என்றார். கோபமில்லாமல் அவர் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். வெளியே வந்ததும் என்னிடம் ஒரே சொல், விக்டோரியாம்மா, நீங்க கேட்டது இந்த ரூமோட நிக்கணும் என்றார். நான் தலையை ஆட்டினேன், வாயைத் திறக்கவும் இல்லை. ஆனால் என் கை காட்டிக்கொடுத்துவிட்டதே பாப்பா.

உனக்குத் தெரியும், துணைக்கு ஆள் இல்லாத பேஷண்டுகளுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த டம்ளரை எல்லாம் நான்தான் மொத்தமாகக் கழுவி வைப்பேன். நல்லது செய்வதாக நினைத்து அவருடைய டம்ளரைத் தனியாகக் கழுவி, மற்றதோடு கலந்துவிடக்கூடாது என்று துணி மூட்டை கட்டும் சிவப்பு நூலில் ஒரு துண்டு அறுத்து அதில் கட்டிவிட்டேன். இருபது வருஷம் ஆஸ்பத்திரியில் துடைப்பம் பிடித்தவளின் புத்தி அவ்வளவுதான். ஒரு மணி நேரம் ஆகவில்லை, அடுத்த கட்டிலுக்குத் துணைக்கு இருந்தவர், இன்னாம்மா அந்த டம்ளருக்கு மட்டும் செவப்பு நூலு, எதுனா ஒட்டுற வியாதியா என்று கேட்டுவிட்டார். கட்டிலில் இருந்தவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். சாயங்காலம் அவரோடு வேலை பார்ப்பவர்கள் பிரெட்டும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு பார்க்க வருவதாக இருந்தது, சூப்பர்வைசரும் வருவார். அதற்குள் அந்தப் பேச்சு வார்டு முழுக்கப் போயிருக்கும்.

சிஸ்டர் ஊசித் தட்டோடு அங்கேதான் நின்றார். என்னைத் திட்டவில்லை. நூல்கண்டை வாங்கினார், கத்தரிக்கோலை எடுத்தார், அடுத்த கட்டில் டம்ளரில் ஒன்று, அதற்கடுத்ததில் ஒன்று என்று பதினொரு டம்ளரிலும் கட்டிக்கொண்டே போனார். இன்னாம்மா பார்க்குற, டம்ளர் டம்ளரா காணாப்போவுது, பேஜாரா இருக்குது, இனிமே நூலு கட்னதெல்லாம் வார்டு சாமான் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவருடைய பழைய சிடுசிடுப்பில் சொன்னார். கேட்டவருடைய டம்ளரில் கட்டும்போது இரண்டு முடிச்சு போட்டார். கேள்வி அங்கேயே நின்றுபோனது. அந்தச் சிடுமூஞ்சி எதற்குப் பயன்படுகிறது பார்.

சாயங்காலம் சூப்பர்வைசர் வந்து, இன்னா வியாதி சிஸ்டர், எங்க ஆளுங்களுக்கும் ஒட்டிக்குமா என்று அதட்டலாகவே கேட்டார். காய்ச்சலுக்கு வந்தாங்க, கொறைஞ்சுக்கினு வருது, ஒட்டாது, அதுக்கு மேல எதையும் நான் சொல்றதுக்கில்ல சார் என்று சிஸ்டர் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். கேஸ் ஷீட்டைக் கூட சிஸ்டர் கட்டிலில் தொங்கவிடுவதில்லை, டியூட்டி மாறும்போது உள்ளே போய்த்தான் அடுத்த சிஸ்டருக்குச் சொல்கிறார். பிறகு என்னை டிரெஸ்ஸிங் ரூமுக்குக் கூப்பிட்டார். வாங்கிக்கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு போனேன். தட்டு, டம்ளர், தொட்டுப் பேசுறது, கட்டிப்புடிக்கிறது, ஒண்ணுத்துலயும் இது ஒட்டாதும்மா, ரெத்தத்துல தான் ஜாக்கிரதை, அதுக்கோசரம் தான் எல்லாருக்குமே கிளவுஸ் போட்டுக்கினு செய்றோம், ஆளப் பார்த்துப் போடுறதில்ல என்றார். அவ்வளவுதான். நீ இதையெல்லாம் புத்தகத்தில் படித்திருப்பாய், நான் கண்ணால் பார்த்துப் படித்தேன். மறுநாள் காலையில் அந்தப் பேஷண்டுக்கு டீ கொடுத்துவிட்டு, தெரியாம செஞ்சுட்டேன், மனசுல வச்சுக்காதீங்க என்றேன். அவர் டம்ளரை நீட்டி இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். எனக்கு அது போதும்.

இப்போது அவர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார். வெளியில் பார்த்தால் நீங்களாகப் போய்ப் பேசாதீர்கள் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். பொன்னேரி மார்க்கெட்டில் குடும்பத்தோடு எதிரில் வந்தபோது நான் கத்திரிக்காய் பொறுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன். அவரே நின்று, ஆஸ்பத்திரில என்னைப் பார்த்துக்கினவங்க என்று வீட்டாருக்குக் காட்டினார். வீட்டுக்கு வந்து அழுதேன். ஏன் கண் சிவந்திருக்கிறது என்று அப்பா கேட்டார். மிளகாய் என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் மறைத்தது இது ஒன்றுதான்.

கண்ணு, நீயும் அப்படி ஒரு சிஸ்டராக இருக்க வேண்டும் என்று உன் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கிறேன், கர்த்தர் உன்னைக் காப்பார். ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே, காலுக்குச் சாக்ஸ் போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போ. அந்த நூல்கள் இன்னும் டம்ளர்களில் இருக்கின்றன, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ரம்யா எதற்கென்று கேட்டதற்கு, காணாப்போவாம இருக்கத்தான் என்றேன். நீ கிறிஸ்துமஸுக்கு வரும்போது அந்தப் பேஷண்டும் எங்காவது எதிரில் வந்து உன் கையைப் பிடித்து நலம் விசாரிக்கலாம். யார் என்று உனக்குத் தெரியாது, என் கண்ணைப் பார்த்துத் தேடாதே. வருகிற எல்லோருடைய கையையும் ஒரே மாதிரி பிடித்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜோ. விக்டோரியா